கல்லோடு சேர்த்துக் கொடுத்த வீடு

மேட்டுப்பட்டி,
திண்டுக்கல்.
18-9-1964

அன்பு மகள் தனபாக்கியத்துக்கு,

அப்பா நல்லுசாமி எழுதுவது. இந்தக் காகிதம் நாகபுரி வந்து சேருகிற நேரத்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நான் சுகம், உன் அம்மாவும் சுகம். இத்தனை நாளும் அம்மா தேறி வருகிறாள், அம்மாவுக்குப் பரவாயில்லை என்றுதானே எழுதிக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் சுகம் என்று எழுதக் கை துணிந்தது. அந்த விவரத்தைப் பின்னால் எழுதுகிறேன், அவசரப்பட்டுக் கடைசித் தாளைத் திருப்பிப் பார்க்காதே. சித்தையன்கோட்டையில் உன் சித்தப்பா கருப்புசாமி நம் வயலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறான், குளத்தில் தண்ணீர் கிடக்கிறது, நாற்று விட்டிருக்கிறானாம். செவலைப் பசு கிடேரிக்கன்று போட்டிருக்கிறது, போன வாரம் பஸ்ஸில் சீம்பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். உன்னைக் கேட்டான், பிள்ளை யார் சாயல் என்று கேட்டான், நான் பார்த்தவன் மாதிரி நம் சாயல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன் காகிதம் கிடைத்தது. உன் அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். புது வாடகை வீட்டில் காற்றும் வெளிச்சமும் நன்றாக இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது என்று எழுதியதில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் அடுப்படியில் ஒரு பலகை மட்டும்தான் இருந்தது, அடுப்பும் இல்லை அம்மியும் இல்லை, வீட்டுக்காரம்மாவிடம் அவர்கள் கல்லில் கொஞ்சம் அரைத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு முகத்தில் அடித்தாற்போல முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். வாடகை வாங்குகிறவர்கள் ஒரு அம்மியும் அடுப்பும்கூடக் கொடுக்க மாட்டார்களா, இது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்கள் அப்பா என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளை இதைக் கேட்டுச் சிரித்தார் என்று அவர்மேல் வேறு கோபப்பட்டிருக்கிறாய். உன் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதி முடிக்கலாம் தாயி. நம் பக்கத்தில் அடுப்பும் ஆட்டுக்கல்லும் அம்மியும் பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்தது, சட்டி பானையும் முறமும் அரிவாள்மனையும் குடியிருப்பவர்கள் பாடு. அந்த ஊர் வழக்கம் வேறாக இருக்கலாம். உள்ளே கால் வைக்கும் முன்னால் கேட்டிருந்தால் இந்த மனக்கசப்பு வந்திருக்காது, அவ்வளவுதான். ஆனால் இந்த அம்மி ஆட்டுக்கல் விஷயமாக இந்த வீட்டில் நடந்த ஒன்று இருக்கிறது. உனக்கு அதை எழுதாமலே இருந்தேன், இப்போது எழுதிவிடுகிறேன். நிதானமாகப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் படி.

உன் அம்மாவுக்கு டி.பி. என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதையும், முதல் சில மாதம் தினமும் ஊசி போட வேண்டும், அதற்கு மேல் மாத்திரை, ஊரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போக அவள் உடம்பு தாங்காது, அதனால் திண்டுக்கல்லிலேயே ஒரு வீடு பிடித்துவிட்டோம் என்பதையும் அன்றே எழுதினேன். அதனால்தானே தலைப்பிரசவத்துக்குக்கூட உன்னைக் கூட்டிவர முடியவில்லை, உன் மாமியார் அங்கே வந்திருந்து பெற்ற தாய்போலப் பார்த்துக்கொண்டார்கள், அவர்களை நினைக்காத நாள் இல்லை. ஆனால் வீடு எப்படிக் கிடைத்தது, அதில் எப்படி இருந்தோம் என்று உனக்கு எழுதவில்லை, வயிற்றுப்பிள்ளையோடு அத்தனை தூரத்தில் உட்கார்ந்து மனசைப் போட்டு அலட்டிக்கொள்வாய் என்று மருந்து விவரத்தோடு நிறுத்திக்கொண்டேன். போன வருஷம் ஆடி மாதம் வீடு தேடி அலைந்தேன். முதல் வீட்டுக்காரர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, எதுக்கு ஊரை விட்டு வந்தீக என்று கேட்டார். சொன்னேன். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த வீட்டில் நான் நோயின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அப்போதுதான் காய்கறி மண்டியில் எடைபோடும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், அங்கே கூட இருந்தவர்கள், சும்மா இருமல் என்று சொல்லி வீட்டைப் பிடிய்யா என்றார்கள். உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பச்சப்புள்ளக இருக்குற வீடா இருந்தா என்னா செய்வீக? சொல்லிட்டே கேளுங்க. குடுக்குறவுக குடுக்கட்டும்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

அப்படித்தான் செபாஸ்தியம்மாள் வீட்டுக்கு வந்தேன். இவர்கள் கணவர் ரயில்வேயில் இருந்து காலமானவர், பிள்ளைகள் இல்லை, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், ஆனால் நடையும் பேச்சும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. முன்கட்டில் இவர்கள் இருக்கிறார்கள். பின்னால் முற்றம், முற்றத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குடித்தனம் அந்தப் பக்கம் ஒரு குடித்தனம், கடைசியில் ஓடு வேய்ந்த ஒரு சாய்ப்பு, அதில்தான் இரண்டு குடித்தனத்துக்கும் பொதுவான சமையல். தரையில் பதித்த ஆட்டுக்கல், ஒரு அம்மி, சுவரோரம் மண்ணடுப்புகள். சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே காட்டினார்கள். "அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல்லு எல்லாம் வீட்டோட சேந்தது தம்பி. அந்தக் குடித்தனமும் நீங்களும் பொதுவாப் புழங்கிக்கிடணும். மத்ததெல்லாம் உங்க பாடு" என்றார்கள். நான் அம்மாவின் நோயைச் சொன்னேன். சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டார்கள். சரி, இதுவும் போயிற்று என்று துண்டை உதறித் தோளில் போட்டேன். அப்போது, சமையல் யார் என்று கேட்டார்கள். நான்தான் அக்கா என்றேன். அம்மி அரைக்கத் தெரியுமா என்றார்கள், தெரியாது என்றேன். ஆட்டுக்கல்லு? அதுவும் தெரியாது. "பின்னே என்னதான் தெரியும்?" "சுடுதண்ணி நல்லா வைப்பேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லாம வந்து பின்னால எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்க சாமானைத் தெருவுல வச்சிருப்பேன். சொல்லிட்டுக் கேட்டீக பாருங்க, அதுக்காகக் குடுக்குறேன். எதுத்த குடித்தனத்துக்காரிக்கிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிடுறேன்" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்கள்.

எதிர்க் குடித்தனத்தில் இருப்பது சைதூன். அவள் வீட்டுக்காரர் சனாவுல்லா பேகம்பூர் பக்கம் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிறார். உன் வயதைவிட நாலைந்து வயது கூட இருக்கும், மூன்று சின்னப் பிள்ளைகள், கடைசிப் பெண்ணுக்கு அப்போது பல்லே சரியாக முளைக்கவில்லை. கலகலவென்று பேசுகிற பெண். உன் அம்மாவை உள்ளே படுக்கவைத்துவிட்டு நான் சாய்ப்பில் விறகோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, அண்ணே ஊதாங்குழல் இந்தாங்க என்று அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்துதான் இவ்வளவு பிரியமாக இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். செபாஸ்தியம்மாள் அக்கா இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று சொல்லாமலே விட்டுவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. சைதூனின் சின்னப்பெண்ணுக்குச் சளியும் காய்ச்சலும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள், டி.பி. ஊசிக்காக நிற்கிற வரிசையில் நானும் உன் அம்மாவும் நிற்பதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் முன்கட்டுக்குப் போய் அவள் பேசியது எங்கள் வீட்டுக்குள் அப்படியே கேட்டது. "எம் புள்ளைக்குக் குடுக்குற மாவை அந்தக் கல்லுலதானே அக்கா ஆட்டுறேன், அவுகளும் அதுலதானே அரைக்கிறாக. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம வச்சிட்டீகளே. ஒண்ணு அவுக இருக்கட்டும், இல்ல நாங்க போறோம்" என்று அழுகையும் ஆங்காரமுமாகச் சொன்னாள். அவளை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன் தனம். கையில் காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் அதைத்தான் கேட்பாள். செத்த நேரம் கழித்து செபாஸ்தியம்மாள் அக்கா வந்து வாசலில் நின்று என் முகத்தைப் பார்க்காமல், "பொதுக் கல்லுல இப்போதைக்கு அரைக்காதீக தம்பி, அடுப்பும் வேண்டாம், ஒரு வழி பண்ணுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று மூன்று செங்கலைத் தாழ்வாரத்தில் வைத்து, ஈர விறகை ஊதி ஊதிக் கஞ்சி காய்ச்சினேன். வெஞ்சனத்துக்கு ஒன்றும் இல்லை, உப்புக்கல்லும் சுட்ட மிளகாயும். உன் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னால் சேலைகளை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஊருக்குப் போவோம். அந்தப் புள்ள கேட்டதுல என்ன தப்பு இருக்கு? என்னால நாலு பேரு ஏன் பயந்து சாகணும்? ஊசி போதும்" என்றாள். ஊசியை நடுவில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும், பிறகு மருந்துக்கும் கட்டுப்படாது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்கள். கெஞ்சிப் பார்த்தேன். சத்தம் போட்டும் பார்த்தேன். நம்ம தனத்துக்குப் பிள்ளை பிறக்கப் போகிறதே, அதைப் பார்க்க வேண்டாமா என்றேன். "எனக்கு எழுதியிருந்தாப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன், கழுவக் கழுவ நிற்கவில்லை, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பத் திரும்பத் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது முன்கட்டிலிருந்து கடமுட என்று ஒரு சத்தம். பார்த்தால் சுமைக்காரர்கள் இரண்டு பேர் ஒரு ஆட்டுக்கல்லைக் கோணிச்சாக்கின் மேல் வைத்து இழுத்து வருகிறார்கள், பின்னால் செபாஸ்தியம்மாள் அக்கா குழவியை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் சொந்த அடுப்படியில் பதித்திருந்த கல் அது, கடப்பாரை போட்டுப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். கல்லில் ஒட்டியிருந்த சுண்ணாம்புக்காரைகூட உதிரவில்லை. அதை எங்கள் தாழ்வாரத்தில் இறக்கச் சொல்லிவிட்டுத் திரும்பப் போய் அம்மியையும் தூக்கிவரச் சொன்னார்கள். நான் பதறிப்போய், என்ன அக்கா இது, நீங்க எதுல அரைப்பீக என்று கேட்டேன். "நான் இனிமே சாய்ப்புல இருக்குற கல்லுல சைதூனோட சேந்து அரைச்சுக்கிடுவேன். உங்களுக்கு வீட்டைக் குடுத்தப்ப என்ன சொல்லிக் குடுத்தேன்? அம்மி ஆட்டுக்கல்லு அடுப்போட குடுத்தேனா இல்லையா? கல்லு இல்லாத வீட்டுக்கு நான் எப்படி வாடகை வாங்குவேன்? அவகிட்டச் சொல்லுறேன்னு சொல்லிட்டுச் சொல்லாம விட்டதும் நான்தான். அதுக்கு நீங்க ஏன் பட்டினி கிடக்கணும்?" என்று படபடவென்று பொரிந்துவிட்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மண்ணைக் குழைத்து அந்த வயதில் குத்தவைத்து உட்கார்ந்து தாழ்வாரத்து மூலையில் அடுப்பும் போட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து உன் அம்மாவிடம், "எந்திரி அய்யம்மா. மூட்டையை அவுத்து வையி. ஊசிக்கு நேரமாச்சு" என்று ஒரு அதட்டுப் போட்டார்கள். நான் அத்தனை கெஞ்சியும் அசையாதவள் எழுந்து உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டாள். அன்றைக்கு ஊசி தவறவில்லை தாயி. அதற்குப் பிறகும் ஒரு நாளும் தவறவில்லை.

செபாஸ்தியம்மாள் அக்கா அதோடு விடவில்லை. சைதூனையும் அவள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்கள். பிள்ளைக்கு மழைச்சளிதான், வேறு ஒன்றும் இல்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இந்த நோய் கல்லில் ஒட்டுமா, சட்டியில் ஒட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, இருமுகிற காற்றில்தான் பரவும், கல்லிலும் பாத்திரத்திலும் ஒட்டாது, மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் அந்தப் பயமும் சீக்கிரம் குறைந்துவிடும், வாயில் துணி வைத்து இருமச் சொல்லுங்கள் என்றார்களாம். சைதூன் வீட்டைக் காலி செய்யவில்லை. ஆனால் கேட்டதும் பயம் போய்விடுமா? எங்கள் பக்கம் வரமாட்டாள், பிள்ளைகளையும் விடமாட்டாள், என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். உன் அம்மாவும் அந்தப் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினால் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்வாள்.

இப்போது உன் அப்பன் ஆட்டுக்கல்லோடு பட்ட பாட்டைச் சொல்கிறேன், நீ சிரித்துக்கொள். டாக்டரம்மா அம்மாவுக்கு முட்டை, பால், இட்லி என்று சத்தாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். இட்லி என்றால் மாவு ஆட்ட வேண்டுமே. முதல் நாள் அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகக் கொட்டி ஒரு செம்புத் தண்ணீரையும் ஊற்றிக் குழவியைச் சுற்றினேன், பாதி மாவு என் வேட்டியில், மீதி தரையில். எதிரே சாய்ப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சைதூனுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் பேசாதவள் அங்கே இருந்தே, "அண்ணே, அம்புட்டுத் தண்ணி ஊத்தாதீங்க! உளுந்தத் தனியா மொதல்ல ஆட்டுங்க!" என்று கூவினாள். நானும் இங்கே இருந்தே சரிம்மா என்றேன். மறுநாள், "கையால மாவத் தள்ளி விட்டுக்கிட்டே சுத்தணும், வெறுமனே சுத்துனா அரைபடாது" என்றாள். அதற்கு அடுத்த நாள் முற்றத்தில் பாதி தூரம் வந்து நின்று, பதம் எப்படிப் பார்ப்பது என்று சொன்னாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம் வந்து காய்ப்புக் காய்த்தது. ஆனால் கார்த்திகை முடிவதற்குள் உன் அப்பன் ஆட்டின மாவில் பஞ்சு போல இட்லி வந்துவிட்டது, உன் அம்மா இரண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது இருக்கா என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

தை பிறந்த கையோடு மண்டியில் எடைக்கல் நழுவி என் வலதுகை விரல்களில் விழுந்துவிட்டது. பயப்படாதே, இப்போது இந்தக் கையால்தான் எழுதுகிறேன். அன்றைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன், ஊறவைத்த அரிசி அப்படியே கிடக்கிறது. அம்மா நான் ஆட்டுறேன் என்று எழுந்தாள், இரண்டு எட்டு வைத்ததும் கால் நடுங்கியது. அப்போது சைதூன் முற்றத்தைத் தாண்டி வந்துவிட்டாள். முந்தானையை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள், கண் மட்டும்தான் தெரிந்தது. எங்களிடம் கேட்கவும் இல்லை, எங்கள் கல்லின் முன்னால் உட்கார்ந்து உளுந்தை அள்ளிப் போட்டு ஆட்ட ஆரம்பித்தாள். உள்ளே இருந்து உன் அம்மா, "வேண்டாந்தாயி, புள்ளகுட்டிக்காரி, நீ போ" என்றாள். சைதூன் குழவியை நிறுத்தாமல், "நீங்க உள்ளயே இருங்கக்கா, நான் இங்கயே இருக்கேன். மாவு என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள். என் கை ஆறுகிற வரைக்கும் அவள்தான் வந்து ஆட்டிக் கொடுத்தாள். சில நாளில் முந்தானை மூக்கிலிருந்து கழுத்துக்கு இறங்கியது, பிறகு கட்டவே இல்லை. சளியில் கிருமி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று நான் சொல்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு அல்லாவுக்கு நன்றி சொன்னவள் அவள்தான். மாசியில் உனக்கு ஆண்பிள்ளை பிறந்த தந்தி வந்தபோது, சனாவுல்லா கடைக்குப் போய்ச் சீனி வாங்கிவந்து மூன்று வீட்டுக்கும் கொடுத்தார்.

இப்போது நல்ல செய்தி. போன வாரம் மறுபடி நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆறிவிட்டது, இன்னும் கொஞ்ச காலம் மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடுங்கள், இனி யாரோடும் கலந்து இருக்கலாம் என்றார்கள். நான் கேட்க நினைத்துப் போன கேள்வி ஒரு பை நிறைய இருந்தது, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. உன் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பேரப்புள்ளையத் தூக்கலாமா?" என்றாள். தாராளமாகத் தூக்குங்கள், முத்தமும் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதும், இத்தனை நாள் ஊசிக்கும் அழாதவள் அங்கேயே உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் காலையில் தாழ்வாரத்துக் கல்லை விட்டுவிட்டு, நேராகச் சாய்ப்புக்கு நடந்து போனாள். போனவள் வாசலில் தயங்கி நின்றாள். ஆட்டிக்கொண்டிருந்த சைதூன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "வாங்கக்கா, நான் சுத்துறேன், நீங்க தள்ளி விடுங்க" என்றாள். உன் அம்மா உட்கார்ந்து மாவுக்குள் கையை விட்டாள். அந்த மாவில்தான் மறுநாள் மூன்று வீட்டுக்கும் இட்லி, சைதூனின் சின்னப்பெண்ணுக்கு உன் அம்மாவே பிட்டு ஊட்டினாள். நான் மண்டிக்கு நேரமாயிற்று என்று தெரிந்தும் கிளம்பாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதனால் உன் வீட்டுக்காரம்மா விஷயத்துக்கு வருகிறேன். கல்லைத் தரமாட்டேன் என்று சொன்னவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று நமக்கு என்ன தெரியும். நீ முதல் நாளே கருவாட்டுக் குழம்புக்கு அரைக்கவா கேட்டாய்? அவர்கள் வீட்டில் அதெல்லாம் சேர்க்காதவர்களாக இருக்கலாம், உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு வெடுக்கென்று பேசியிருக்கலாம். நீ உனக்கு என்று ஒரு சின்ன அம்மி வாங்கிக்கொள், அது ஒன்றும் தோற்றுப்போவது இல்லை. பிறகு ஒரு நாள் நீயே ஏதாவது செய்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கொடு, மொழி தெரியாவிட்டால் சிரித்துவிட்டுக் கொடு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போ, அது போதும். இங்கே எங்களை வாழவைத்தது மருந்து பாதி, அடுத்த வீட்டு மனுஷர்கள் பாதி. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன், உபதேசம் என்று நினைக்காதே.

தை மாதம் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது. பிள்ளையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள். ஊருக்குப் போகிற மாதிரி கொடைரோட்டில் இறங்க வேண்டாம், நேராகத் திண்டுக்கல்லிலேயே இறங்குங்கள், நான் ஸ்டேஷனுக்கு வாரேன். அறை சின்னது, எல்லோருக்கும் இடம் போதுமா என்று நேற்று நான் யோசனையாக இருந்ததைப் பார்த்து செபாஸ்தியம்மாள் அக்கா என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். எழுந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்கட்டு அறையைத் திறந்து காட்டினார்கள். உன் அம்மாவும் கூட வந்தாள். நடு உத்திரத்தில் ஒரு இரும்பு வளையம் தொங்கியது. அந்த வீட்டில் அது எதற்குப் போட்டார்கள், எத்தனை வருஷமாக வெறுமனே தொங்குகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அவர்களே அண்ணாந்து பார்த்துச் சொன்னார்கள்: "தொட்டில் கட்டிக்கிடலாம் அய்யம்மா. அதுவும் வீட்டோட சேந்ததுதான்."

உன் அம்மா தன்னுடைய பழைய நூல்சேலை ஒன்றைத் துவைத்து வெயிலில் காயப்போட்டு மடித்து வைத்துவிட்டாள், நீ தொட்டில்துணி ஒன்றும் சுமந்து வர வேண்டாம். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டால் பிள்ளைக்குத் தலையில் துணி கட்டாமல் வெளியே எடுக்காதே. மாப்பிள்ளையின் கம்பளிச் சட்டையை இப்போதே வெயிலில் போட்டு எடு. நீயும் பால் குடி, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உங்கள் மூவருக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம், செபாஸ்தியம்மாள் அக்காவும் சைதூனும் தங்கள் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுத மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க எழுதிய அப்பா,
சி. நல்லுசாமி